கண் இல்லாத நானூறு யானைகள்

1980 டிசம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அரக்கோணம் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்ற வேனுக்குள் நானூறு துணி யானைகள் இருந்தன. ஒன்றுக்கும் கண் கிடையாது.

கண் பம்பாயிலிருந்து வரவேண்டும். கறுப்பு பிளாஸ்டிக், பின்னால் முள் வைத்தது, வெளிச்சம் பட்டால் உயிருள்ளதுபோல் மின்னும். மெயில் ரயிலில் போட்டுவிட்டதாகப் பம்பாய் வியாபாரி தந்தி அடித்திருந்தார். ஜெயம்மாள் பார்சல் அலுவலக வாசலில் நின்று இரண்டு வண்டிகளைப் பார்த்தாள். துணி மூட்டை இறங்கியது, மீன் கூடை இறங்கியது. குமாஸ்தா அவளுக்காக மறுபடியும் உள்ளே போய்த் தேடிவிட்டு வந்து கையை விரித்தார். அந்த வியாபாரி பார்சலைப் போடவே இல்லை என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை மெட்ராசில் சிறுதொழில் கண்காட்சி தொடங்குகிறது. முதல் நாள் காலை வேளை மொத்த வியாபாரிகளுக்கு மட்டும். மதியத்துக்கு மேல்தான் ஜனங்களை விடுவார்கள். ஜெயம்மாளுக்கு வேண்டியது அந்தக் காலை வேளைதான்.

ஜெயம்மாள் அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். திருத்தணியில் பரந்தாமனுக்கு வாழ்க்கைப்பட்டாள். மலைப்படி தொடங்கும் இடத்தில் அவனுக்கு ஒரு கடை. பொரி, கற்கண்டு, குங்குமம், பிளாஸ்டிக் மயில். மற்ற முருகன் கோயில்களில் மயில் நிற்கும் இடத்தில் தணிகையில் யானை நிற்கிறது, நம் கடையில் மட்டும் ஏன் மயில் என்று ஒருநாள் அவள் கேட்டாள். விற்கிறவனிடம் கேள்வி கேட்காதே, முடிந்தால் நீயே ஒரு யானை செய் என்றான் பரந்தாமன். விளையாட்டுக்குச் சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். தறியில் கழிந்த துணியை வெட்டி, இலவம் பஞ்சு அடைத்து, ஒரு யானை தைத்தாள். காவடி எடுத்து வந்த ஒரு குடும்பம் அதை வாங்கிக்கொண்டு போனது. அடுத்த கிருத்திகைக்கு இருபது தைத்தாள்.

ஏழெட்டு வருடத்தில் அது தணிகை பொம்மைக் கம்பெனி ஆகியிருந்தது. கம்பெனி என்றால் இரண்டு தையல் மெஷின், ஆறு பெண்கள். இடம் ஆர்.கே.பேட்டை சாலையில் பவர்லூம் வைத்திருந்த சின்னசாமியின் கொட்டகை. கழிவுத் துணியும் அவர் கொடுத்ததுதான். அந்த வருடம் ஐப்பசியில் சின்னசாமி கொட்டகை வாசலில் நின்று, தனக்குப் புதுத் தறிகள் வருகின்றன, கண்காட்சியில் பெரிய ஆர்டர் ஏதாவது பிடித்து வந்தால் கொட்டகை உன்னுடையது, இல்லாவிட்டால் தை பிறந்ததும் தறி இறக்குவேன் என்று சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. சொன்னால் செய்வார், அவ்வளவுதான்.

எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியாகத்தான் கண் வைப்பது ஜெயம்மாளின் வழக்கம். சாமி சிலைக்கு அப்படித்தானே என்பாள். அந்த வழக்கம்தான் இப்போது அவளை அரக்கோணத்தில் நிறுத்தியிருந்தது.

வருடக் கடைசியில் மலைப்படிகளுக்குப் பூஜை செய்யும் படித் திருவிழா நெருங்கியதால் பரந்தாமன் கடையை விட்டு வர முடியவில்லை. வேனை ஓட்டியவர் ஜெயம்மாளின் அக்காள் கணவர் துளசிங்கம். மற்ற நாட்களில் அந்த வேனில் நூல் மூட்டை ஏற்றுவார். பின்னால் யானைகளோடு உட்கார்ந்திருந்தவள் காஞ்சனா. ஆறு பெண்களில் கை வேகம் அவளுக்குத்தான், வாய் வேகமும். அவளுடைய மூன்று வயது மகள் மணியம்மை, புறப்படும்போது ஒரு யானையின் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஸ்டாலை நிரப்ப ஒவ்வொன்றும் வேண்டும் என்று ஜெயம்மாளே அந்த விரல்களைப் பிரித்து எடுத்தாள். குழந்தையின் அழுகை சாலைத் திருப்பம் வரைக்கும் கேட்டது.

“திரும்பிடலாம் ஜெயா,” என்றார் துளசிங்கம். “குருட்டு யானையை மெட்ராஸ்காரன் வாங்குவான்னா, நான் எதுக்கு லைட்டு போட்டுகினு வண்டி ஓட்டறேன்?”

“திரும்பி எங்க போறது பாவா? கொட்டாயே இருக்காது.”

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடைத்தெருவில் பாதிக் கதவுகள் சாத்தியிருந்தன. திறந்திருந்த ஒரே ஃபேன்சி ஸ்டோரில் சட்டைப் பொத்தான் இருந்தது, வெள்ளையில், நான்கு துளையோடு. காஞ்சனா ஒன்றை எடுத்து யானை முகத்தில் வைத்துப் பார்த்தாள். யானைக்குப் புரை விழுந்ததுபோல் இருந்தது. மெட்ராசிலும் ஞாயிறு ஞாயிறுதான், பாரிமுனையில் ஈ காக்கை இருக்காது. நூலால் கண் தைக்கலாம், ஆனால் நானூறு ஜோடிக்கு இரண்டு பேர் கை ஒரு வாரம் ஓடவேண்டும். ஜெயம்மாள் எதற்கும் இருக்கட்டும் என்று மரம் ஒட்டும் பசை ஒரு டப்பா வாங்கிக்கொண்டாள். எதை ஒட்டுவது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

வேன் தக்கோலம் தாண்டி, பேரம்பாக்கம் தாண்டிப் போயிற்று. ஒரு கால்வாய் ஓரம் காஞ்சனா திடீரென்று வண்டியை நிறுத்தச் சொன்னாள். வேலி முழுக்கக் குன்றிமணிக் கொடி. காய்கள் வெடித்துச் சிவப்பு தெரிந்தது. சிவப்பு உடம்பு, ஒரு முனையில் கறுப்புப் புள்ளி. விநாயகர் சதுர்த்திக்கு விற்கும் களிமண் பிள்ளையாருக்குக் கண் வேறென்ன?

ஜெயம்மாள் ஒரு யானையை எடுத்து இரண்டு மணிகளைப் பசை தொட்டு வைத்தாள். யானை அவளைப் பார்த்தது. அரக்கோணத்திலிருந்து முதல்முறையாக அவள் மூச்சை முழுசாக விட்டாள்.

மூன்று பேரும் வேலியில் விழுந்து பறித்தார்கள். விரலெல்லாம் முள். சத்தம் கேட்டு நிலத்துக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். திறந்திருந்த வேனுக்குள் எட்டிப் பார்த்தவள் இரண்டடி பின்வாங்கினாள். கண் இல்லாத முகங்கள் வரிசை வரிசையாக அவளைப் பார்த்தபடி இருந்தன.

“இன்னாடி இது? செய்வினை கிய்வினை வெக்கப் போறீங்களா?”

“கண்காட்சிக்குப் போவுதுக்கா. கண்ணு வெக்கத்தான் இதப் பறிக்கிறோம்,” என்றாள் காஞ்சனா.

அந்தப் பெண்ணுக்குப் பாதி நம்பிக்கைதான் வந்தது. “பறிச்சிக்கோ. கீழ சிந்தாத. போன வருசம் எவனோ பாவி இத அரைச்சி வெச்சி என் மாட்டைக் கொன்னுட்டான்.”

“எங்க யானை எதையும் தின்னாதுக்கா,” என்று காஞ்சனா சொல்ல, துளசிங்கம்கூடச் சிரித்துவிட்டார்.

ஓடும் வேனிலேயே ஒட்டினார்கள். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் ஒரு யானைக்கு மாறுகண் விழுந்தது, அதைப் பிடுங்கி மறுபடி ஒட்டினார்கள். மெட்ராஸ் வந்து, ஓலைப் பந்தலின் கீழ் தங்களுக்குக் கிடைத்த ஸ்டாலில் இறக்கி அடுக்கியபோது, நானூறும் கண்ணோடு இருந்தன.

திங்கள் காலை கதவு திறந்ததும் வியாபாரிகள் நடந்துகொண்டே பார்த்தார்கள். கண்காட்சியில் மொத்த வியாபாரி நிற்பதில்லை, நடப்பான். ஆனால் தணிகை பொம்மைக் கம்பெனி முன்னால் நடை தடைப்பட்டது. அந்தச் சிவப்புக் கண்கள் செய்த வேலை. பக்கத்து ஸ்டாலில் ஊறுகாய் வைத்திருந்த பெண்ணின் குழந்தைகூட அம்மா முந்தானையை விட்டுவிட்டுத் தவழ்ந்து வந்து ஒரு யானையைப் பிடித்துக்கொண்டது.

ஜெயம்மாள் ஒருவருக்கு விலை சொல்லித் திரும்பியபோது அந்த யானைக்கு ஒரு கண் இல்லை. குழந்தையின் தாடை அசைந்தது.

அவள் பாய்ந்து குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டாள். குழந்தை கடித்தது. வெளியே வந்த மணி உடையாமல் இருந்தது. குழந்தை வீறிட்டது. ஏன் என் பிள்ளையை அழவைத்தாய் என்று ஊறுகாய்க்காரி சண்டைக்கு வந்தாள். ஜெயம்மாள் கைக்குள் அந்த மணியை இறுக்கிக்கொண்டு நின்றாள். தட்டான் தராசில் பார்த்தது, பல்லாங்குழியில் ஆடியது, ஆவணிக்கு ஆவணி பிள்ளையார் முகத்தில் கும்பிட்டது. உடைத்துத் தின்றால் விஷம் என்று தெரியாதா? தெரியும். ஆனால் பிள்ளையாரை யாரும் வாயில் வைப்பதில்லை.

காஞ்சனா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒற்றைக் கண் யானையைப் பலகைக்கு அடியில் தள்ளினாள்.

அப்போதுதான் பெங்களூர் வியாபாரி வந்தார். நரைத்த கிராப்பு, கையில் தோல் பை. ஒரு யானையை எடுத்துத் தூக்கிப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“இந்தக் கண்ணுதாம்மா விஷயம். துணி யானை ஊர்ல ஆயிரம் பேரு பண்றான். இது நம்மளப் பாக்குது. மாசம் ஆயிரம் அனுப்ப முடியுமா, இதே கண்ணோட?”

“ஆங்,” என்றாள் ஜெயம்மாள்.

தன் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொட்டகை, ஆறு பெண்கள், சின்னசாமியின் முகம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தன. மதியம் வந்து பேசி முடிப்பதாகச் சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். காஞ்சனா அவள் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள். சந்தோஷத்தில் இரண்டு கையாலும் கிள்ளினாள்.

ஜெயம்மாள் தன் விரலைப் பார்த்தாள். பல் பதிந்த இடம் இன்னும் சிவப்பாக இருந்தது. சின்ன வாய், பதிந்திருந்தது நான்கே பல்.

அவள் ஸ்டாலை விட்டு இறங்கி ஓடினாள். நடைபாதையில் தோளும் பையுமாகக் கூட்டம். கொதிகலன் விற்கிறவர்கள் ஸ்டால் முன்னால் அவரைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது.

“ஐயா, அது குன்றிமணிங்க. கொழந்தைங்க கடிச்சா ஆபத்து. அந்தக் கண்ணு மட்டும் வேணாங்க. பம்பாய் கண்ணு வரும், அத வெச்சி அனுப்பறேன்.”

அவர் முகத்தில் கோபம் இல்லை. பசையைக் கெட்டியாகப் போட்டால் ஆயிற்று, பொம்மை என்றால் எதிலும் ஏதாவது ஒன்று இருக்கும் என்றார். அவள் தலையை ஆட்டினாள். பம்பாய் கண்தான் எல்லோரும் வைக்கிறார்களே, அதற்குத் திருத்தணியிலிருந்து நான் ஏன் வாங்க வேண்டும் என்று கேட்டார். தோல் பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு அவர் போய்விட்டார்.

திரும்பி வந்தவள் கத்தரிக்கோலை எடுத்து யானைகளின் கண்களை ஒவ்வொன்றாகப் பெயர்க்கத் தொடங்கினாள். நின்ற வியாபாரிகள் நடக்கத் தொடங்கினார்கள். மதியம் ஜனங்களை விட்டபோது ஸ்டாலில் பசைக் கறை படிந்த குருட்டு யானைகள் உட்கார்ந்திருந்தன. இருவரும் கறுப்பு நூலால் கண் தைத்தார்கள். தைத்ததை விற்றார்கள். மூன்று நாளில் ஐம்பதோ அறுபதோ போயிருக்கும். யாரும் ஆர்டர் என்ற சொல்லை எடுக்கவில்லை.

தை பிறந்ததும் கொட்டகையில் ஆறு தறிகள் இறங்கின. சின்னசாமி சொன்னதைச் செய்தார். ஜெயம்மாள் இரண்டு மெஷினில் ஒன்றைக் கடைக்குப் பின்னால் போட்டுக்கொண்டு நாளுக்கு இரண்டு மூன்று யானை தைத்தாள். பல வருடம் தைத்தாள். எல்லாவற்றுக்கும் நூல் கண். மற்ற பெண்கள் தறிக்குப் போனார்கள்.

ஆனால் அது பிறகு. புதன்கிழமை மிச்ச யானைகளோடு வேன் திரும்பியது. திருவள்ளூர் தாண்டியபின் காஞ்சனாதான் ஆரம்பித்தாள்.

“எவன் வூட்டுக் கொழந்தையோ, எந்த ஊர்லயோ. கடிக்குமோ கடிக்காதோ. அதுக்காக எங்க ஆறு பேர் சோத்துல மண்ணப் போட்டுட்டியேக்கா.”

ஜெயம்மாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

“ஒரு வார்த்த நீ சொல்லாம இருந்திருந்தா போதும். அவனுக்குத் தெரியவா போவுது?”

“போதும் நிறுத்து காஞ்சனா,” என்றார் துளசிங்கம்.

“நீங்க சும்மா இருங்கண்ணே. உங்களுக்கு ஏத்த நூலு மூட்டை இருக்குது.”

பிடுங்கிய மணிகளை ஜெயம்மாள் ஒரு துணியில் முடிந்து மடியில் வைத்திருந்தாள். வழியில் கொட்டினால் மாடு மேயும். முடிச்சை இறுக்கிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

திருத்தணிக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அன்று படித் திருவிழா. சாலை முழுக்க ஜனம். பஜனைக் கோஷ்டிகள், தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை. வேன் ஊர்ந்தது, பிறகு நின்றுவிட்டது. துளசிங்கம் இஞ்சினை அணைத்தார். காஞ்சனா வீட்டுத் தெரு பக்கத்தில்தான், இறங்கி நடந்துவிடுகிறேன் என்றாள். கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வெளியே யாரோ அரோகரா சொன்னார்கள். கூட்டம் திருப்பிச் சொன்னது.

காஞ்சனா தன் பைக்குள் கைவிட்டு, புடவைக்கு அடியிலிருந்து ஒரு யானையை எடுத்தாள். முதல் நாளே மறைத்து வைத்தது. இரண்டு சிவப்புக் கண்ணும் அப்படியே இருந்தன. அதை ஜெயம்மாளின் மடியில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

“மணியம்மைக்குன்னு எடுத்து வெச்சேன்,” என்றாள். “இதுக்கும் கண்ண எடுத்துடுக்கா.”

ஜெயம்மாள் கத்தரிக்கோலைத் தேடினாள்.