மகள் அறையில் காய்ச்சிய பீர்

கணவன் வீட்டில் பீர் காய்ச்சுகிறான் என்பதைக்கூட உமாராணி பொறுத்துக்கொண்டிருப்பாள். மகளின் அறையில் காய்ச்சினான் என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அருப்புக்கோட்டைக்காரி. அஜ்மானில் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். கணவன் கௌரிசங்கருக்கு துபாயில் கப்பல் கம்பெனி வேலை போனபின், அவன் விசாவும் மகள் இனியாவின் விசாவும் அவள் பெயரில்தான் இருந்தன. அந்த ஊரில் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம்; அவன் மாட்டினால் அவள் நர்ஸ் லைசென்ஸும் சேர்ந்து போகும். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தான்.

வேலை தேடுகிறேன் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன் பீர் காய்ச்சும் வீடியோக்களில் விழுந்துவிட்டான். பேக்கரிக்குச் சாமான் விற்கும் கடையில், முளைகட்டிய பார்லியில் செய்த மால்ட் பாகு வாங்கினான். லண்டனில் இருந்து வந்த பழைய சிநேகிதன் ஒருவன் தேயிலைப் பாக்கெட்டுக்குள், பீருக்குக் கசப்பு கொடுக்கும் ஹாப்ஸை ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தான். பச்சை நிறத்தில், முயல் தீனி போல இருக்கும் சின்னச் சின்ன உருண்டைகள். அதை அடுப்பில் கொதிக்க விட்டபோது ஆரஞ்சுத் தோலும் வேப்பிலையும் சேர்ந்து வெந்த மாதிரி ஒரு கசப்பு வாசம் வீடு முழுக்க ஏறியது. ஜன்னல் திரை, தலையணை உறை, இனியாவின் ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாவற்றிலும் அந்த வாசம்.

ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு, தண்ணீர் கேனில் ஊற்றி வைத்தான். அதற்குக் குளிர்ச்சி ஒரே அளவில் இருக்க வேண்டுமாம். வீட்டிலேயே நல்ல ஏசி இனியாவின் அறையில்தான் இருந்தது. பிள்ளையைத் தங்கள் அறைக்கு மாற்றிவிட்டு, கேனை அங்கே கொண்டு வைத்தான். பிறகு அதைக் கண்ணாடி பாட்டில்களில் நிரப்பி, நுரை வருவதற்குச் சர்க்கரை போட்டு, கட்டிலோரமாக அடுக்கினான்.

“குடிக்கணும்னா ஓட்டல்ல போய்க் குடிங்க. யாரு வேணாங்குறா?” என்றாள் உமாராணி.

“குடிக்கிறதுக்கு இல்ல உமா. இது ஒரு கலை. இந்த வகை பீருக்கு இந்தியா பேல் ஏல்னு பேரு. அந்தக் காலத்துல இங்கிலாந்துல இருந்து இந்தியாவுக்குக் கப்பல்ல அனுப்பும்போது கெட்டுப்போகாம இருக்க ஹாப்ஸை அள்ளிப் போட்டு...”

“இந்தியாவுக்கு அனுப்புனதை நீங்க அஜ்மான்ல பெட்ரூம்ல காய்ச்சணுமா?”

அவள் பேச்சு அவன் காதுக்குள் போனதாகவே தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது, பீருக்காக ஓடிக்கொண்டிருந்த அந்த ஏசியை ஆத்திரத்தில் அணைத்துவிட்டுப் போனாள். ஜூன் மாத வெயில். மத்தியானம் அவள் திரும்பி வந்து சோற்றில் கை வைத்த நேரத்தில் உள்ளே முதல் பாட்டில் வெடித்தது. சிவகாசிப் பக்கத்தில் பிறந்தவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் அடங்கியபின் கதவைத் திறந்தாள். தரையெல்லாம் நுரை. இனியாவின் தலையணையில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு குத்தி நின்றது.

நல்லவேளையாக இனியா எதிர்வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு ஷஹீரா, கீழக்கரைக்காரி, சத்தம் கேட்டு ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

“உமா, என்னா சத்தம்? அல்லாவே, என்னா வாடை இது?”

“குக்கர் வெடிச்சிருச்சு ஷஹீரா. புள்ள இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே இருக்கட்டும்.”

தன் பிள்ளையைச் சொந்தப் பிள்ளை மாதிரி பார்க்கிறவளிடம் பொய் சொல்ல வேண்டி வந்ததே என்று உமாராணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உள்ளே கௌரிசங்கர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

“நீதானே ஏசியை ஆஃப் பண்ணே? நல்லா வந்துட்டிருந்துச்சு, கெடுத்துட்டே.”

“புள்ள அங்க படுத்திருந்தா?” என்று கத்தினாள். “சொல்லு, படுத்திருந்தா என்னடா பண்ணியிருப்பே?”

கல்யாணமான நாளிலிருந்து அவனை ‘நீங்க’ என்றே சொல்லி வந்தவள். அன்றைக்கு வாயில் வந்த ‘டா’வைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அவன் சில்லுகளையும் உடையாமல் மிஞ்சிய பாட்டில்களையும் கறுப்புப் பையில் கட்டி, மாடிக் குப்பை அறையில் வைத்துவிட்டு வந்தான்.

மறுநாள் காலை ஷஹீரா லிஃப்ட் வாசலில் அவளை நிறுத்தினாள். “சேதி தெரியுமா? நம்ம கிளீனர் கார்மேகம் நேத்து ராத்திரி குப்ப ரூம்ல குடிச்சிட்டு நின்னாராம். சட்டையெல்லாம் அந்த நாத்தமாம். கம்பெனி ஆளுங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஊருக்கு அனுப்பப் போறாங்களாம். பாவம், அந்த மனுசனைப் பாத்தா அப்படித் தெரியலயே.”

உமாராணி லிஃப்டில் ஏறவில்லை. வீட்டுக்குள் திரும்பிப் போய்ப் படுத்திருந்த கணவனை எழுப்பினாள்.

“கீழ போய்ச் சொல்லு.”

“நான் சொன்னா மூணு பேரும் காலி உமா. யோசிச்சுப் பாரு. அவங்களுக்கு இதெல்லாம் சகஜம், வேற கம்பெனி கெடைக்கும்.”

‘அவங்களுக்கு’ என்று அவன் சொன்ன விதம் அவளை அறைந்தது போல இருந்தது. தானே இறங்கிப் போனாள்.

கட்டட சூப்பர்வைசர் ஹஸ்னைன், ஹைதராபாத்காரன். கீழே ஒரு சின்ன அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். தெரிந்த இந்தியில் அவள் சொல்லிவிட்டாள்: அந்தப் பை எங்கள் வீட்டுப் பை. கார்மேகம் குடிக்கவில்லை.

ஹஸ்னைன் எழுந்து கதவைச் சாத்தினான். “மேடம், கலாஸ். முடிஞ்சு போச்சு. நீங்க எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல. போலீஸ் வந்தா பில்டிங் பேரு கெடும்.”

“அப்ப அவரு?”

“அவனும் உங்க வீட்டுப் பைன்னுதான் சொன்னான். மேடம் வீட்டுல அதெல்லாம் இருக்காது, பொய் சொல்லாதேன்னு நான்தான் அதட்டினேன்.”

“அப்ப அவரு சொன்னது உண்மைன்னு இப்பத் தெரிஞ்சிருச்சில்ல? போனை எடுங்க. நான் இங்கதான் நிப்பேன். நீங்க பேசலைன்னா நானே போலீஸுக்குப் பேசுறேன்.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கிளீனிங் கம்பெனிக்குப் போன் போட்டான். பை வேறு யாருடையதோ, கிளீனர் மேல் தப்பில்லை என்று அவள் காதுபடச் சொன்னான். வைத்தபின், இந்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்துவிடுங்கள் என்றான். சரி என்றாள்.

அதோடு விட அவளுக்கு மனம் வரவில்லை. கௌரிசங்கரைக் காரை எடுக்கச் சொல்லி, ஷார்ஜா தொழில்பேட்டையில் அந்தக் கம்பெனியின் ஆட்கள் தங்கும் கேம்ப்புக்குப் போனாள். கமுதிக்காரரான கார்மேகம் வெளியே வந்தார். உள்ளங்கையில் துணிக்கட்டு, பையைத் தூக்கும்போது சில்லு கிழித்திருந்தது. அப்போது கொட்டிய பீர்தான் சட்டையில் நாறியது.

கௌரிசங்கர் தரையைப் பார்த்துக்கொண்டு, “ஸாரி அண்ணே, தெரியாம நடந்துபோச்சு” என்றான்.

“தெரியாமயா? கண்ணாடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சார்? பையை வெச்சிட்டு நீங்க போறப்ப நான் எதுக்கதானே நின்னேன்.” ஒரு எட்டு முன்னால் வந்தார். “அத்தனை பேரு முன்னாடி வாயை ஊதச் சொன்னாங்க. ஊதுனேன். வாயில வாடை இல்ல, சட்டையில இருக்குன்னாங்க. அதுக்கப்புறமும் ஏத்திட்டு வந்துட்டாங்க.”

உமாராணி கையைக் காட்டச் சொன்னாள், கட்டு மாற்றிவிடலாம் என்று.

“வேணாம் மேடம்” என்றார். அதற்கு முன்பெல்லாம் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். “நேத்தே வந்திருந்தீங்கன்னா கையைக் காட்டியிருப்பேன்.”

உள்ளே போய்விட்டார். வேலை தப்பியது; ஆனால் அந்தக் கட்டடத்துக்கு அவர் திரும்ப வரவில்லை. வேறு எங்கோ போட்டுவிட்டார்கள்.

திரும்பும் வழியில் நல்ல டிராஃபிக். வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. கௌரிசங்கர் மெல்லச் சொன்னான்: “சர்க்கரை அளவுதான் தப்பு. பிளாஸ்டிக் பாட்டிலா இருந்தா வெடிச்சிருக்காது.”

“வண்டியை ஓரங்கட்டு.”

“இந்த வெயில்லயா?”

“ஓரங்கட்டுடா.”

இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள். டாக்ஸி கிடைக்கும்வரை நடந்தாள். வெயில் உச்சந்தலையைச் சுட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் கிளினிக்குக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு பார்த்தாள். ஷஹீராவிடம் குக்கர் கதை பொய் என்று சொல்லி, நடந்ததை எல்லாம் சொன்னாள். ஷஹீரா கேட்டு முடித்தாள். பிறகு, “புள்ளைய ஸ்கூல் விட்டதும் இங்கயே கொண்டாந்து விடு” என்றாள்.

விசா வேலைகள் செய்து தரும் டைப்பிங் சென்டரில், கணவன் விசாவை ரத்து செய்ய வேண்டும் என்று உமாராணி சொன்னபோது, கவுண்டரில் இருந்த மலையாளிப் பையன் நிமிர்ந்து பார்த்தான். “சேச்சி, நல்லா ஆலோசிச்சோ?”

“ஆலோசிச்சாச்சு. டைப் அடிங்க.”

விமான நிலையத்துக்கு அவள் போகவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது கௌரிசங்கர் வாசலில் நின்று, “கோபம் ஆறினதும் கூப்பிடு” என்றான்.

“வேலை கெடைச்சா உன் சொந்த விசாவுல வா” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.