வண்டியில் ஏறிய சைக்கிள்

“…நீ ஏற வேண்டாம்லே, சைக்கிள் மட்டும் ஏறட்டும். அது விழாம பிடிச்சுக்கிட ஒரு ஆளு வேணும்லா?” என்று தன் தம்பியிடம் கேட்டார் அந்த அக்கா.

சைக்கிள் எங்கள் பக்கம் வந்த புதிது. நண்பர்கள் நான்கு பேர் நெல்லையிலிருந்து திருச்செந்தூருக்குச் சைக்கிளில் மூன்று நாள் பயணம் கிளம்பினோம். எங்களில் ஒருவனுடைய அக்கா, கட்டுச்சோற்றோடு மாட்டுவண்டியில் கூடவே வந்தார். காதில் பாம்படம் ஆட, புளிச்சோற்றை இலையில் வைத்து நீட்டுவார். “தின்னுங்கய்யா, சக்கரமா ஓடுது? என் சோறுல்லா ஓடுது!” என்பார்.

இரண்டாம் நாள் அக்காவின் தம்பிக்குக் காய்ச்சல். மிதிக்க முடியாமல் தள்ளாடினான். வண்டியில் ஏறினால் நாங்கள் ஆயுசுக்கும் கேலி செய்வோமே என்று வீம்பாக நின்றான். அப்போதுதான் அக்கா அப்படிக் கேட்டார்.

அவன் எங்களைப் பார்த்தான். “ஆமாலே, பிடிக்காட்டா சைக்கிள் விளக்கு உடஞ்சிரும்” என்றேன் நான். சைக்கிளோடு அவனும் ஏறிப் படுத்துவிட்டான்.

வண்டி நிறைந்துபோயிற்று.

“உங்களுக்கு இடம் எங்கனக்கா?” என்றேன்.

“ஒக்காந்து ஒக்காந்து காலு மரத்துப்போச்சுய்யா” என்று சொல்லி, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, அந்த உச்சி வெயிலில் வண்டிக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.