செம்மறி ஏறாத உயரம்

பால்காரம்மாவுக்குக் கோபம் வந்தால் ஆடுகளே மேய்வதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும். அவள் புருஷனுக்கு அந்தப் பாக்கியம் தினமும் உண்டு. வயரிங் வேலை செய்கிறவர், அதனால் தெருவுக்கே அவர் ‘கரண்டு’. பேர்தான் அப்படி, ஆள் பரம சாது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகையில் ஏழெட்டு வெள்ளாடுகள். பால் கறந்து தெருவுக்கு ஊற்றுவது அவள் பிழைப்பு. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு செம்மறி. தாயில்லாத குட்டியாக எங்கேயோ வேலைக்குப் போன வீட்டிலிருந்து கரண்டு மடியில் வைத்துக் கொண்டுவந்தது. மகாராணி என்று பேர் வைத்து, பேருக்கேற்ற செல்லமும் கொடுத்துக் கெடுத்து வைத்திருந்தார்.

வினை அந்தச் செல்லத்திலிருந்துதான் வந்தது. வெள்ளாடுகளுக்கு வைத்த தாது உப்பை மகாராணியும் கூடவே தின்றுகொண்டிருந்தது. ஒருநாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் சிவப்பாகப் போய்ப் படுத்துவிட்டது. அதில் இருக்கிற செம்பு வெள்ளாட்டுக்கு வேண்டும், செம்மறிக்கு ஆகாது என்று தீவனக் கடைக்காரர் சொன்னார். மகாராணி பிழைத்ததே பெரிய விஷயம்.

“இனிமே செம்மறிக்கு விக்கிற உப்புக் கட்டியையே வாங்கிடுவோம். அதுல செம்பு கிடையாது. எல்லாம் ஒரே கட்டியை நக்கட்டும், வம்பே வேண்டாம்” என்றார் கரண்டு.

வம்பு வேண்டாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? அவளும் தலையாட்டினாள்.

கொட்டகையிலேயே அதிகம் கறப்பது கருப்பி. நாளாக நாளாக அதன் கறுப்பு வெளுத்துச் செம்பட்டையானது. வால் நுனியில் முடி உதிர்ந்து, மீன் வால் மாதிரி இரண்டாகப் பிரிந்து நின்றது. “என்னக்கா, ஆட்டுக்கு டை அடிச்சியா?” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். பால்காரம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் எத்தனை தரம் தன்னையே திட்டிக்கொண்டாளோ.

ஏனென்றால் கருப்பி போட்ட குட்டிக்குப் பின்னங்கால் நிற்கவில்லை. முகம் துறுதுறுவென்று இருந்தது, பாட்டிலில் பாலும் குடித்தது, பின்பக்கம் மட்டும் தரையில் இழுபட்டது. வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டே அவள் அதை நடத்திப் பார்த்தாள். அவள் இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். குட்டி போய்ச் சேர்ந்தது. தரை வழுக்கியிருக்கும், குளிர் தாக்கியிருக்கும் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டாள், மனசு ஆறவில்லை.

கருப்பி மறுபடி சினையானதும் கால்நடை டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். டாக்டரம்மா ரோமத்தைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், சுவரோரம் தொங்கிய கட்டியைப் பார்த்தார். ரத்தம் எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டு வந்து சொன்னார்:

“செம்பு ரொம்பக் குறைச்சலா இருக்கும்மா. சினையில தாய்க்குச் செம்பு பத்தலைன்னா குட்டிக்கு முதுகுத்தண்டு சரியா வளராது. போன குட்டிக்கும் அதுதான் ஆகியிருக்கும்.”

பால்காரம்மா அப்படியே தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். வம்பு வேண்டாம் என்று வாங்கிய கட்டி!

எடை பார்த்து, அளவோடு செம்பு மாத்திரை கொடுத்தார் டாக்டரம்மா. வெள்ளாட்டுத் தாது உப்பையே வைக்கச் சொன்னார். “அளவு மீறினா வெள்ளாட்டுக்கும் விஷம்தான். செம்மறி வாயில மட்டும் படவே கூடாது.”

கரண்டு காதில் ‘செம்பு’ என்பது மட்டும்தான் விழுந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் தண்ணீர்த் தொட்டியில் செம்புக் கம்பிச் சுருள்கள் பளபளவென்று கிடந்தன.

“ஏங்க, ஆட்டுக்கு கனெக்‌ஷன் குடுக்கப் போறீங்களா?”

“செம்புதானே கேட்டாங்க? நம்ம வீட்டுல இல்லாத செம்பா?”

“டாக்டரம்மா அளந்து குடுக்குறாங்க, நீங்க அள்ளிக் குடுக்குறீங்க. மகாராணியும் இதுலதானே குடிக்குது?”

மனுஷர் முகம் செத்துப்போனது. முழங்கை வரை கையை விட்டுக் கம்பியை எடுத்து, தண்ணீரையும் கொட்டினார். மகாராணியைத் தனியாகப் பிரித்துக் கட்டினார். அது தொண்டை வற்றக் கத்தியது, தீவனத்தைத் தொடவில்லை. அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

“பழையபடி சேர்த்தே விட்டுருவோமா?” என்றார்.

“எனக்கு இந்தக் குட்டி வேணுங்க. இதுவும் காலை இழுத்துக்கிட்டுக் கிடந்தா நான் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டேன். ஆடும் வேணாம் பாலும் வேணாம்னு கொட்டகையைப் பிரிச்சுருவேன்.” அவள் குரல் உடைந்தது. கோபத்துக்குப் பழகியிருந்த மனுஷருக்கு இது பழக்கமில்லை.

அன்று முழுக்கக் கொட்டகையிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளாடு மதில்மேல் நின்றது. இன்னொன்று அவருடைய பைக் சீட்டில் ஏறிச் சாவகாசமாக அசைபோட்டது. மகாராணி மட்டும் எதிலும் ஏறவில்லை. தரையைவிட்டு எழும்ப அதற்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் கேபிள் சுற்றி வரும் பெரிய மர உருளை ஒன்றைக் கேட்டு வாங்கித் தெருவெல்லாம் தடதடவென்று உருட்டிக்கொண்டு வந்தார். அதைக் கொட்டகையில் படுக்கப்போட்டு, கருப்பிக்காகப் பக்கத்தில் ஒரு படியும் வைத்து, மேலே சுவரில் வெள்ளாட்டு உப்புப் பெட்டியை ஆணியடித்து மாட்டினார். வெள்ளாடுகள் சொல்லிக்கொடுக்காமலே ஏறின. மகாராணியை அவிழ்த்துவிட்டதும் உருளையைச் சுற்றிச்சுற்றி வந்து கத்தித் திட்டியது. பிறகு கீழே இருந்த தன் கட்டிக்கே போய்விட்டது.

“சிந்தினா பொறுக்கும்ங்க” என்றாள் பால்காரம்மா. அவர் உப்பு கீழே விழாதபடி உருளையின் விளிம்பைச் சுற்றித் தகரம் அடித்தார்.

வயிறு பெருத்தபின் கருப்பிக்கு அவள் கையிலேயே உப்பு. மெல்ல மெல்ல ரோமத்தின் அடியிலிருந்து கறுப்பு திரும்பியது.

ஒரு காலை வேளையில் குட்டி விழுந்தது. கரண்டு வேலைக்குப் போகவில்லை. யார் வீட்டிலோ ஃபேன் ஓடாமல் அவரைச் சபித்துக்கொண்டிருந்தார்கள். பால்காரம்மா தோளில் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தாள். போன குட்டிக்கு வயிற்றில் கொடுத்த அதே துண்டு.

கருப்பி நக்கிக்கொடுத்தது. குட்டி தலையைத் தூக்கியது, சரிந்தது. மறுபடி தூக்கியது, மறுபடி சரிந்தது. அவள் கை தானாகத் துண்டுக்குப் போனது.

“பொறு” என்றார் கரண்டு.

குட்டி முன்னங்கால்களை மடித்தபடியே இருக்க, முதலில் பின்பக்கம் எழுந்தது. இரண்டு பின்னங்காலும் வெடவெடவென்று நடுங்கின, ஆனால் நின்றன. பிறகுதான் முன்னங்கால். குட்டி தள்ளாடிக்கொண்டே மடியைத் தேடிப் போனது.

“ஏங்க, நிக்குதுங்க” என்றாள். “நிக்குதும்மா” என்றார்.

தோளில் இருந்த துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.