வயிறு இல்லாத கித்தார்

எலெக்ட்ரிக் கித்தார் செய்வது சுலபம். நல்ல பலகை, ஒரு காந்தம், கொஞ்சம் கம்பி, காது கேட்காத மனைவி இருந்தால் போதும். என் மனைவிக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், நல்ல பலகையைக் கெடுத்து, வீட்டில் திட்டு வாங்குகிற கூட்டமா நீங்கள்? உட்காருங்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டலாம்.

எண்பதுகளின் தொடக்கம். மலைமேல் ஜமுனாமரத்தூரில் மோட்டார், ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். மரவேலை பொழுதுபோக்கு. முக்காலி, ரேடியோப் பெட்டி என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. தனபால் வந்து கெடுத்தான்.

மணல் டப்பா

தனபால் எங்கள் ஊர் சொசைட்டியில் குமாஸ்தா. லீவு நாட்களில் திருப்பத்தூர் மெல்லிசைக் குழு ஒன்றில் இரவல் கித்தார் வாசிப்பான். கித்தாருக்குச் சொந்தக்காரன் துபாய் போனான். கித்தாரும் போயிற்று. குழுவை நடத்துகிற மாஸ்டர் தனபால் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்தார். உள்ளே மணல். பாட்டு முழுக்க அதை ஆட்ட வேண்டும். வைகாசியில் ஒரு பெரிய இடத்துக் கல்யாண வரவேற்பு. அதற்குள் சொந்தக் கித்தார் கொண்டுவந்தால் கித்தார், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் டப்பா என்று மாஸ்டர் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"கடையில வாங்கு" என்றேன். மெட்ராசில் விலை கேட்டானாம். கடைக்காரர் இரக்கப்பட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம். டப்பா ஆட்டுவதும் வாசிப்புதானே, அதற்கென்ன கேடு என்று கேட்டேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான்: "பொண்ணு வூட்டுக்காரங்க கச்சேரிய பாக்க வந்தாங்கணா. முடிஞ்சதும் எங்க அப்பாவ தனியா கூப்ட்டு, பையனுக்கு எத்தினி வருசமா கை நடுக்கம்னு கேட்டாங்க."

முதல் கித்தார்

எலெக்ட்ரிக் கித்தாருக்குக் கெட்டியான மரம் வேண்டும் என்று அவன் சொன்னான். கெட்டி என்றால் எனக்குத் தெரிந்தது புளி. சந்தைக்குப் பக்கத்தில் காற்றில் விழுந்த புளியமரத்திலிருந்து ஒரு துண்டு வாங்கி அறுத்தேன். இரண்டு உளி முனை போயிற்று. என் முதுகும் போயிற்று.

உருவம் வந்ததும் தனபால் தோளில் மாட்டிவிட்டேன். நின்றான். கொஞ்சம் சாய்ந்தான். இன்னும் சாய்ந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக் கேட்டான்: "ணா, நான் கேட்டது கித்தாரா, கறிக்கடைக்கு வெட்டுக்கட்டையா?"

இரண்டாவது

பலாவுக்கு மாறினேன். வீணை செய்கிற மரம், கித்தார் மட்டும் கோபித்துக்கொள்ளுமா? இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி வளைத்து, அரம் போட்டு, உப்புக் காகிதம் தேய்த்துக் கடை வாசலில் வெயிலில் வைத்தேன். அன்றைக்குச் சந்தை. வந்தவர்களுக்கெல்லாம் ஒரே சந்தேகம். கித்தார் என்றால் நடுவில் பொந்து இருக்க வேண்டும். பொந்து இல்லாமல் சத்தம் எங்கிருந்து வரும்? காந்தம், காயில், கரண்ட் என்று முதல் ஆளுக்கு விளக்கினேன். இரண்டாவது ஆளுக்குப் பாதி விளக்கினேன். மூன்றாவது ஆளிடம், "வேலைய பாருய்யா" என்றேன்.

சாமை மூட்டையோடு வந்த ஒரு அம்மாள் மட்டும் ஒன்றும் கேட்காமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். புத்திசாலி என்று நினைத்தேன். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்: "கொம்பு ரெண்டு நல்லா வச்சிட்ட, வாயி வைக்க மறந்துட்டியேய்யா."

ஏணி

கித்தார் கழுத்தில் குறுக்கே கம்பிகள் பதிக்க வேண்டும். சைக்கிள் போக்ஸ் கம்பியை அறுத்துப் பதித்தேன். எல்லாம் சம இடைவெளி. அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் மயிரிழை பிசகாது. ஏணி செய்கிறவன் என் காலில் விழ வேண்டும்.

மேலே போகப் போக இடைவெளி குறுக வேண்டுமாம். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தனபால் வாசித்தான், முகத்தைச் சுளித்தான், மறுபடி வாசித்தான். தெருநாய் எழுந்து போயிற்று. அத்தனையையும் பிடுங்க வேண்டி வந்தது. பிறகு திருப்பத்தூரில் ஒரு சர்ச் கித்தாரின் கழுத்தில் செய்தித்தாளைப் போர்த்தி, பென்சிலால் தேய்த்து, அளவை அப்படியே கொண்டுவந்தான். அதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கத்தினேன். அமைதியாகச் சொன்னான்: "நீங்க அளவுகோல் வச்சிருந்தீங்க, நான் நம்பிட்டேங்கணா."

தையல் மிஷின்

பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை உடைத்து எடுத்தேன். அதன்மேல் தலைமுடி மாதிரி தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டும். கையால் சுற்றினால் அறுகிறது. மனைவி பச்சையம்மாவின் தையல் மிஷினில் நூல் சுற்றுகிற சின்னச் சக்கரம் இருக்கிறதல்லவா, அதில் மாட்டி மிதித்தேன். வேலை வெண்ணெய் மாதிரி போயிற்று. அவள் சந்தைக்குப் போயிருந்தாள், அதனால்தான் வெண்ணெய்.

கடையில் ஒரு பழைய வால்வு ரேடியோ. கிராமபோன் சொருகுவதற்கு அதன் முதுகில் இரண்டு ஓட்டை இருக்கும். கித்தாரிலிருந்து வரும் ஒயரை அதில் சொருகி, சத்தத்தை முழுக்க வைத்தேன். அந்த நேரம் பச்சையம்மா வீடு திரும்பி மிஷினைப் பார்த்தாள். கடைக்கு வந்து கித்தாருக்கு நேரே நின்று ஆரம்பித்தாள். சுற்றிய காயிலுக்கு நான் இன்னும் மெழுகு ஊற்றவில்லை. மெழுகு இல்லாத காயில் பக்கத்தில் போடுகிற கூச்சலையும் பிடித்துக்கொள்ளும். அவள் திட்டு அத்தனையும் ரேடியோவில் கணீரென்று வந்தது. எதிர்க்கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அவள் ரேடியோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் பேசறது ரேடியோவுல வந்தாத்தான் உனுக்குக் காதுல ஏறுது" என்றாள்.

செக்போஸ்ட்

வரவேற்பு அன்று காலை. சிவப்பு லாரி பெயிண்ட் அடித்த கித்தாரைச் சேலையில் சுற்றிக்கொண்டு நானும் தனபாலும் பஸ் ஏறினோம். அடிவாரத்துச் செக்போஸ்டில் பாரஸ்ட் கார்டு ஏறினார். சேலையைப் பிரித்தார். விரல் முட்டியால் தட்டினார். டொக்கு டொக்கு.

"இன்னாய்யா இது?"

"கித்தார்."

"கித்தாருன்னா வவுறு இருக்கும். இது முழுக் கட்டை. சந்தனத்த அறுத்து, மேல பெயிண்ட் பூசி, கம்பியும் கட்டிட்டியா? எத்தினியோ வேசம் பாத்துட்டேன். இது புச்சு."

எங்கள் மலையில் எவன் மரத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாலும் அது சந்தனம்தான். மோந்து பார்த்தார். பெயிண்ட் நாற்றம். அதனால் சந்தேகம் கூடியது. இறக்கினார்கள். வாசித்துக் காட்டு என்றார். தனபால் வாசித்தான். கரண்ட் இல்லாத எலெக்ட்ரிக் கித்தார். கொசு கூட அதைவிட உரக்கப் பாடும். கார்டு உள்ளே போய்க் கோடாலியோடு வந்தார். பிளந்து பார்த்தால் தெரிந்துவிடுமாம். தனபால் கித்தாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

செக்போஸ்ட் ஜன்னலுக்குள் ஒரு வால்வு ரேடியோ செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. உள்ளே போனேன், ரேடியோவின் முதுகைத் திருப்பினேன், ஒயரைச் சொருகினேன். "இப்ப வாசிடா" என்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லா ஜன்னலிலும் தலையை நீட்டினார்கள். கார்டு அசரவில்லை. "சிலோன் ஸ்டேசன்ல பாட்டு வச்சிட்டு யாருகிட்ட கத வுடற?" என்றார். எனக்குப் பொறுமை போயிற்று. அவர் விரலைப் பிடித்துத் தடித்த தந்தியில் வைத்து இழுத்தேன். ரேடியோ உறுமியது. அவர் ரேடியோவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து தானே இழுத்தார். மறுபடி உறுமியது. அப்புறம் தோளில் மாட்டிக்கொண்டார். கண்டக்டர் விசில் அடித்து அடித்து ஓய்ந்த பிறகுதான் கழற்றினார். கழற்றும்போது ஒயரை வெடுக்கென்று இழுத்தார். பஸ் படியில் நின்றுகொண்டு விறைப்பாகச் சொன்னார்: "போறப்ப எந்தக் கட்டையோ, வர்றப்பவும் அதே கட்டை வரணும், சொல்லிட்டேன்."

முழங்கை

மண்டபத்தில் சுருதி சேர்க்கும்போது தெரிந்தது, கார்டு இழுத்த இழுப்பில் ஒயர் சொருகுகிற இடத்தில் ஈய ஒட்டு விட்டுவிட்டது. சத்தம் வருகிறது, போகிறது. ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோல் மலையில், கடையில் இருக்கிறது. அந்த இடம் மேல் விளிம்பில் இருந்ததால், முழங்கையால் அழுத்திப் பிடித்தால் சத்தம் வந்தது. தனபால் அதைக் கண்டுபிடித்து, வாயில் விரல் வைத்துக் காட்டினான்.

அப்போது மாஸ்டர் வந்தார். நாலு ஸ்வரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். முகம் மலர்ந்தது. கித்தாரை வாங்கித் தன் மச்சான் தோளில் மாட்டினார். தனபால் கையில் டப்பா. நான் வாயைத் திறந்தேன். தனபால் என் காலை மிதித்தான்.

முதல் பாட்டு. மச்சான் வாசித்தார், ஒன்றும் வரவில்லை. குமிழைத் திருகினார். ஆம்ப்ளிபயரைத் தட்டினார், பிறகு உதைத்தார். தனபால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சிக்குச் சிக்கு என்று டப்பா ஆட்டினான். முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மாஸ்டரை முறைத்தார். இரண்டாவது பாட்டுக்கு முன்னால் மாஸ்டர் கண்ணைக் காட்டினார். தனபால் டப்பாவைக் கீழே வைத்தான், கித்தாரை மாட்டினான், முழங்கையை அழுத்தினான். மண்டபம் அதிர்ந்தது. கச்சேரி முடிந்ததும் மாஸ்டர் சொன்னார்: "முரட்டுக் கித்தாருய்யா இது. உன் கைக்குத்தான் அடங்குது. இனிமே நீயே வாசி."

மறுநாள் கடையில் சூட்டுக்கோலைக் காய வைத்தேன். ஒரு சொட்டு ஈயம், ஒரு நிமிஷ வேலை. தனபால் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "ணா, எனக்குக் கல்யாணம் ஆவுற வரைக்கும் அத மட்டும் தொடாதீங்க."

ஒழுங்காகப் பற்றவைத்ததற்கு இதுவரை ஒருத்தரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. பற்றவைக்காமல் விட்டதற்குத்தான் ஆவணியில் முதல் பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள்.