நான்கு பிராங்

03.02.2012 – 0.00
09.05.2014 – 30,002.00
10.05.2014 – 29,998.00

சுவிஸின் பேர்ணில், முதல் திகதியன்று, ஒரு கடையின் ஈரப்படியில் வழுக்கி விழுந்த யோக்கீமுக்கு முழங்கால் போயிற்று, சமையலறை வேலையும் போயிற்று. நட்டஈட்டுக் கணக்கை எழுதி முடித்த மறுநாள், வைத்தியரிடம் ஒருமுறை அயலவரின் காரில் போனது நினைவுக்கு வந்தது. உடனே அந்தப் பயணத்துக்கு எழுதியிருந்த பஸ் ரிக்கற்றைக் கழித்தார்.

“நாலு பிராங்குக்கோ இந்தப் பாடு? விடுங்கோவன்,” என்றாள் மனைவி பெர்னடெற்.

“பொய்க்கணக்கு எழுதமாட்டன்.”

கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் கையை விரித்தன. மேலே முறையிட்டார். அங்கே முப்பதாயிரம் பிராங்குக்குக் குறைந்த வழக்கை விசாரிக்க அதிகாரமில்லையாம். அவருடைய நேர்மையை நீதிமன்றம் சந்தேகிக்கவில்லை. அதை வைத்தே கதவைச் சாத்தியது. முழங்காலைப் பற்றி அங்கிருந்து வந்த கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

யோக்கீம் அதிலிருந்த கூட்டலைச் சரிபார்த்தார்.

“பிழை இருக்கோ?” என்றாள் பெர்னடெற்.

“இல்லை. சரியாத்தான் கூட்டியிருக்கினம்.”

கடிதம் வந்த திகதி: 17.11.2016.