ஹாத்தி என்றால் ஈரல்

லாபிஸ் சந்தையில் கோழி ஈரல் வாங்க வேண்டுமானால் ‘ஹாத்தி’ என்று கேட்க வேண்டும். மலாய்க்காரர்கள் காதலில் தோற்றுப் பாடும் பாட்டிலும் இதே ஹாத்திதான் உடைகிறது. ஈரலுக்கும் மனதுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் பிழைத்துவிடுகிறார்கள். இருதயத்தைத் தேவனுக்குக் கொடுங்கள் என்று எங்கள் உபதேசியார் ஞாயிறுதோறும் தொண்டை கட்டக் கத்துகிறாரே, அதை மலாயில் கத்தினால் கோழிக்கடைச் சீனர் எவ்வளவு நிறுக்கட்டும் என்று கேட்பார். ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். வந்த புதிதில் நானும் சிரித்தேன். பிறகு அந்தச் சொல்தான் என்னைப் பிடித்து உலுக்கியது.

நான் இங்கே வந்தது கல்யாணம் கட்டிக்கொள்ள. மாப்பிள்ளை லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, பெயர் சாலமோன். அவர் பூச்சாடி ஒன்றின்மேல் கைவைத்து, தொப்பியோடு நின்று எடுத்துக்கொண்ட படத்தை அண்ணன் கொண்டுவந்து காட்டினான். பூச்சாடியைப் பார்த்தே வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. திருநெல்வேலித் தேரிக்காட்டில் எங்கள் சபை முழுவதும் என் தலைமேல் கைவைத்து ஜெபித்து அனுப்பியது. கப்பலில் வாந்தி எடுத்தபோதெல்லாம் அந்தக் கைகளின் பாரம்தான் காரணமோ என்று நினைத்துக்கொண்டேன். இங்கே உபதேசியார் வீட்டில் என்னைத் தங்கவைத்தார்கள். ரப்பர் ஷீட் காயப்போடும் பழைய கொட்டகைதான் கோயில். கல்யாணத்துக்குமுன் மூன்று ஞாயிறு சபையில் அறிவித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்பதுதான் ஓலை வாசிப்பது. அங்கே முதல் ஓலை வாசித்தார்கள், அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிறு வாசிப்பதற்கு மாப்பிள்ளை இல்லை. சாலமோன் கிராணி ரயிலேறி ஜொகூர் பாருவுக்குப் போய், ஒரு கடை முதலாளியின் மகளைக் கட்டிக்கொண்டார். எழுநூறு மனைவியரைக் கட்டிய வேத ராஜாவின் பெயரை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களோடு நிறுத்திக்கொண்டாரே, அதற்காக ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும்.

ஆறுதல் சொல்ல வந்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு வந்த நிஜமான சோதனை. இது விசுவாசப் பரீட்சை என்றார் ஒரு அம்மா. என்னிடத்தில் மறைவான பாவம் ஏதோ இருக்கவேண்டும் என்று இன்னொரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். மூன்றாவது அம்மா கண்ணீரோடு கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, கல்யாணப் புடவையை என்ன செய்யப்போகிறாய், என் மகளுக்கு அந்த நிறம் எடுக்கும் என்றார். பெண்கள் ஜெபக்கூட்டத்தில் என்னை எழுப்பிச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். நானும் லேசுப்பட்டவளா? அவரை முழுமனதோடு மன்னித்துவிட்டேன், அவர் குடும்பம் செழிக்கவேண்டும் என்று கண்ணை மூடிச் சொன்னேன். கூட்டமே உருகியது.

ஊருக்குத் திரும்ப எனக்கு முகமில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்ல ஆள் தேவைப்பட்டது, சேர்ந்துகொண்டேன். ஆனால் உள்ளே ஒன்று கெட்டுப்போயிருந்தது. என்னால் ஜெபம் பண்ண முடியவில்லை. அப்பன் போன பிறகு எங்கள் வீட்டுக்கு ஜெபம் ஒன்றுதான் தூணாக இருந்தது. அதுவும் போனால் இந்த நாட்டில் எனக்கென்று ஒன்றுமில்லை. பரமண்டல ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது, பிறரை மன்னிப்பதுபற்றிய வரி வந்ததும் எனக்கு இருமல் வந்துவிடும். ஒவ்வொரு வாரமும் அதே வரி, அதே இருமல். “ஏம்மா, இந்த ஊர் மழை ஒனக்கு ஒத்துக்கல” என்று உபதேசியாரம்மா இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். பாவம், நல்ல இஞ்சி எவ்வளவோ வீணாயிற்று.

கம்பம் என்று இங்கே சொல்லும் பக்கத்து மலாய்க் கிராமத்திலிருந்து பலகாரம் விற்க வருவார் மாக் சோம் என்ற மலாய்க்கார அம்மா. தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் நம் கூலிச் சனங்களோடு பழகிப் பாதித் தமிழ் பேசுவார். வாத்தியாரை இங்கே ‘சிக்கு’ என்று கூப்பிடுவார்கள். என் தலையில் இருந்த சிக்குக்கு அது பொருத்தமான பெயர்தான். ஒருநாள் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். சாக்கிட் என்றால் வலி, ஹாத்தி என்றால் நெஞ்சு. இரண்டையும் ஒட்டவைத்து, சாக்கிட் ஹாத்தி என்றேன். நெஞ்சு வலிக்கிறது என்று அழகாகச் சொல்லிவிட்டதாக எனக்குப் பெருமை.

மாக் சோம் கூடையைக் கீழே வைத்தார். “சியாப்பா? யாரு மேல?”

யார்மேலும் இல்லை, எனக்குத்தான் வலி என்றேன்.

“அது இல்லலா சிக்கு. சாக்கிட் ஹாத்தின்னா வலி இல்ல. கறுவிக்கிட்டு இருக்கிறது. அவன் நாசமாப் போணும்னு நெனைக்கிறது.”

அதோடு விடவில்லை. அவர் உறவில் ஒரு போமோ இருக்கிறாராம்; நம்மூர் மந்திரவாதிக்கு இங்கே அதுதான் பெயர். என் கதை தோட்டத்துக்கே தெரியும்; அந்த ஆளின் பொருள் ஏதாவது ஒன்று கொடுத்தால் போதும், அவன் வயிற்றில் நோயை இறக்கிவிடுவாராம். கடனாக ஒரு படி அரிசி தருவதுபோல அவ்வளவு அன்போடு சொன்னார். நான் கிறிஸ்தவப் பெண், இதெல்லாம் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய், பூச்சாடிப் படம் எங்கே என்று பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். படம் கையில் வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று கண்டு திகைத்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் இருதயம் உடைந்திருக்கிறது என்று சபையே எனக்காக அழுதது. உடையவே இல்லை. கருங்கல்லாக உள்ளே உட்கார்ந்திருந்தது. தமிழில் யாருக்கும் தெரியாத சங்கதி மலாயில் தப்பாகப் பேசியதும் வெளியே வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, அவனுக்குப் பல்வலி கொடும், அவன் பெண்டாட்டி வைக்கும் குழம்பில் தினமும் உப்பு கூடட்டும், அவன் தொப்பி ரயிலில் பறக்கட்டும் என்று வாய் ஓயக் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கே சிரிப்பு வந்தது. சாபம் எல்லாம் தீர்ந்தபிறகு அழுகை வந்தது. கோபம் வாசலை மறித்துக்கொண்டு நின்றதால் துக்கம் இத்தனை நாளும் பின்கட்டிலேயே காத்திருந்திருக்கிறது. ஜெபக்கூட்டத்தில் நான் அழகாகப் பேசியபோது வராத ஆண்டவர், இந்தக் கேவலமான ஜெபத்துக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நீங்கள் நம்பினால் நம்புங்கள். படத்தை மாக் சோமிடம் கொடுக்கவில்லை, பரண்மேல் போட்டேன், கரையான் தின்றது. கசப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இருமல் மட்டும் போகவில்லை.

வருஷங்கள் போயின. ஒருநாள் மாக் சோம் முகமெல்லாம் வெளிச்சமாக வந்து, “ஹாத்தி டியா சாக்கிட்” என்றார். டியா என்றால் அவர்; சாலமோன் கிராணியைப் பற்றித்தான். அவர் என்மேல் கறுவ என்ன இருக்கிறது என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. மாக் சோம் தன் வலது விலாவைத் தட்டிக் காட்டினார். ஈரல். பிராந்தி குடித்துக் கெட்டுப்போய், ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். “ஒன் சாமி பலம்லா, சிக்கு. போமோ கெட்டாரு” என்று மெச்சினார். என் கடவுளுக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் புகழ் அதுதான். மறுநாள் ரயிலேறிவிட்டேன்.

மஞ்சள் பூசியதுபோல் கிடந்தார். பக்கத்தில் அந்தக் கடைக்காரர் மகள், களைத்துப்போன நல்ல பெண், எனக்கு நாற்காலி போட்டாள். டாக்டர் உப்பே கூடாது என்றுவிட்டாராம். உப்பில்லாத கஞ்சியை இவர் துப்பிவிடுகிறார் என்று என்னிடம் முறையிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“எம் மேல கோவமா?” என்று கேட்டார் அவர்.

“இருந்துச்சு. மலாயில இருந்துச்சு” என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஜெபம் பண்ணச் சொன்னார். மூவரும் பரமண்டல ஜெபம் சொன்னோம். அந்த வரி நெருங்கியதும் என் இருமலுக்காகக் காத்திருந்தேன், அது வரவில்லை. நான் முழுசாகச் சொல்லி முடித்தேன். இருமியது அவர். மனைவி தண்ணீரைத் தேடி ஓடினாள். அது என்ன இருமல் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் மூச்சு திரும்பும்வரை பொறுத்திருந்து, அதே வரியிலிருந்து அவரோடு மறுபடி தொடங்கினேன்.

இப்போதும் எங்கள் கொட்டகைக் கோயிலில் யார் யாருக்கோ ஓலை வாசிக்கிறார்கள். ஊருக்கு எப்போது வருவாய் என்று அண்ணன் எழுதுகிறான், வருகிறேன் என்று நானும் எழுதுகிறேன். இந்த மண்ணுக்கும் எனக்கும்கூட இரண்டு ஓலைதான் வாசித்தாகியிருக்கிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று உபதேசியார் கேட்டு நிறுத்தும்போது, வெளியே சிங்கப்பூர் ரயில் கூவும். சபை முழுவதும் பெண்ணைப் பார்க்கும். நான் ரயில் போய் முடியும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.