மழுப்பிய பதிலும் கழுத்துக் கட்டியும்

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவள்ளூரில் நடந்தது இது. தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம் எங்களுடையது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஞாயிறு காலைகளில் கோயில் மண்டபத்தில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குப் பாசுர வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய ஞானி என்று நினைப்பு வேறு. யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் மட்டும், "பெரியவங்க அப்படிச் சொல்லுவாங்க" என்று மழுப்பிவிடுவேன்.

எங்கள் ஊர்ப் பெருமாள் நோய் தீர்ப்பவர். உடம்பில் கட்டி, மரு வந்தால் அமாவாசையன்று கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைவதுபோல நோயும் கரையும் என்பது நம்பிக்கை. ஒருநாள் வகுப்பு முடிந்ததும், பக்கத்துக் கிராமத்திலிருந்து வகுப்புக்கு வரும் ஒரு பெண் என்னிடம் வந்தாள்.

"சார், எங்கம்மாவுக்குக் கழுத்துல கட்டி. மூணு அமாவாசை வெல்லம் கரைச்சிட்டு, அப்பால தான் டாக்டராண்ட போவேன்னு வேண்டிக்கினு கீறாங்க. அதுவரைக்கும் சும்மா இருக்கலாமா? நீங்க இன்னா சொல்றீங்க?"

உடனே டாக்டரிடம் போகவேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் கைங்கரியக் குடும்பத்துப் பையனுக்கே நம்பிக்கை இல்லையா என்று நாலு பேர் கேட்பார்களே என்று பயம். "அது அவங்கவங்க நம்பிக்கைம்மா" என்று நழுவிவிட்டேன்.

இரண்டு அமாவாசை போயின. கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, அந்த அம்மாவுக்குத் தினமும் சாயங்காலம் ஜுரம் வர ஆரம்பித்தது. அதை வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு அந்தப் பெண் கேட்டாள்: "இம்மாம் பாசுரம் சொல்லித் தரீங்க. நான் கேட்டதுக்கு மட்டும் ஏன் சார் பதில் சொல்லல?"

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. வகுப்பை அப்படியே விட்டுவிட்டு அவளோடு கிளம்பினேன்.

அவள் அம்மா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். கழுத்தை முந்தானையால் மூடியிருந்தார். "வேண்டுதலை முறிச்சா பெருமாளு கோச்சிக்குவாரு சாமி" என்றார்.

"கோச்சுக்க மாட்டார்ம்மா. எனக்கு மரு வந்தப்போ நானும் வெல்லம் கரைச்சவன்தான். அதே பெருமாளை நம்பித்தான் உங்களை டாக்டர்கிட்ட கூப்பிடறேன். நாளைக்குக் காலை ரயில்ல மெட்ராஸ் போறோம். பாவம் வந்தா என்னைச் சேரட்டும்."

வாழ்க்கையில் முதல்முறையாக மழுப்பாமல் பேசினேன். அவர் முறத்தைக் கீழே வைத்தார். "சாமியே இவ்ளோ உறுதியா சொல்றப்போ, வரேன்" என்றார்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் காசநோய்க் கட்டி என்றார்கள். ஊசி, மாத்திரை என்று ஒன்றரை வருஷம் ஓடியது. வேண்டுதலை முறிக்க வைத்துவிட்டேன் என்று என் பெரியப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்த அம்மா பிழைத்தார், சிகிச்சை முடிந்த அடுத்த போகத்துக்கு அவரே வயலில் இறங்கி நாற்று நட்டார்.

எனக்கு நிம்மதிதான். ஆனாலும் என் கோழைத்தனத்தால் அவர் ஜுரத்தில் கிடந்த நாட்களை இன்றும் மறக்க முடியவில்லை. இப்போதும் வகுப்பு எடுக்கிறேன். நம்புவதை நம்புகிறேன் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேள்வி கேட்கும் பிள்ளையின் வீட்டில் என் பதிலை நம்பி ஓர் உயிர் காத்திருக்கலாம்.